ஆளுக்கு ஒரு மாதம்

பெரியப்பா மகளின் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து எல்லோரும் போவது என்றும், அத்தை மட்டும் சித்தப்பாவோடு வீட்டில் இருப்பது என்றும் முடிவாகியிருந்தது. முடிவு செய்தவர்கள் அப்பாவும் பெரியப்பாவும். அத்தையிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

அத்தை அப்பாவின் தங்கை. அவளுக்கும் இளையவர் சித்தப்பா. மதுரையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு மனநோய் வந்தது. படிப்பை விட்டுப் போடிக்குத் திரும்பியவர், அன்றிலிருந்து அத்தையின் பொறுப்பாகிப் போனார். சோற்றில் விஷம் இருக்கிறது என்று பயப்படுவார். அத்தை முதல் வாய் தின்று காட்டினால்தான் தட்டைத் தொடுவார். மாத்திரையைக் கொடுத்துவிட்டு, விழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். அவர் வெளியே ஓடிவிடாமலிருக்க வாசற்படியை மறித்துப் படுப்பாள். ஒருமுறை அவர் முறுக்கியதில் அவளுடைய இடது மணிக்கட்டு கோணிக்கொண்டது. அவளைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், அவளுக்குக் கல்யாணத்தில் விருப்பமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார் அப்பா. தனக்கு விருப்பமில்லை என்பது அத்தைக்கே பிறகுதான் தெரிந்தது.

கல்யாணம் தேவாரத்தில், மாப்பிள்ளை வீட்டில். சித்தப்பா போடிமெட்டுக்கு மேலே எங்கள் ஏலக்காட்டைப் பார்த்துக்கொள்கிறார் என்று அவர்களிடம் சொல்லிவைத்திருந்தார்கள்.

தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அத்தை பந்தலுக்குள் வந்தாள். அவள் கையைப் பிடித்தபடி, மழித்த முகமும் வெள்ளைச் சட்டையுமாகச் சித்தப்பா. இருவரும் பஸ்ஸேறி வந்திருந்தார்கள். சித்தப்பா நேரே மணமேடைக்குப் போனார்.

"நல்லாருக்கியா பாப்பா?" என்று மணப்பெண்ணைக் கேட்டார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு இருவரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். அத்தை முதல் வாய் தின்றாள். சித்தப்பா சாப்பிட ஆரம்பித்தார். பாயசம் இன்னொரு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். "இவன எதுக்கு இங்க கூட்டியாந்த? சம்பந்தக்காரங்க பாக்குறாங்கள்ல? எந்திரிக்கச் சொல்லு, வெரசா."

ஒரு கையை அவரும் மறு கையை அப்பாவும் பிடித்துத் தூக்கினார்கள். சித்தப்பா பயந்து அலறிக்கொண்டு உதறினார். இலை புரண்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் வேட்டியெல்லாம் சாம்பார்.

அத்தை எழுந்தாள். "கைய எடுங்கண்ணே. அவம்பாட்டுக்குச் சாப்பிட்டுக்கிட்டுத்தான இருந்தான்?"

அப்பா அவளை அடக்கப் பார்த்தார். அவள் குரலை உயர்த்தினாள்.

"இவன் எனக்கு மட்டுந்தான் தம்பியா? ஒங்களுக்கு யாரு? நான் ஒரு கல்யாணத்துக்குப் போனதுண்டா, ஒரு எழவுக்குப் போனதுண்டா? காச்சல்னு ஒரு நாள் படுத்ததுண்டா? இனிமே ஆளுக்கு ஒரு மாசம். பெரியண்ணே ஒரு மாசம், சின்னண்ணே ஒரு மாசம், நான் ஒரு மாசம். முடியாதுன்னா, இத்தன பேரு முன்னால இங்கனயே சொல்லுங்க."

மாப்பிள்ளையின் அம்மா ஒரு புது இலையைக் கொண்டுவந்து சித்தப்பாவுக்கு முன்னால் போட்டாள். "அந்தப் பிள்ள கேக்குறது ஞாயந்தான?" என்றாள் அத்தையைக் காட்டி. சம்பந்தியம்மாளே சொன்ன பிறகு பெரியப்பாவுக்கு வேறு வழியில்லை. தலையை ஆட்டினார்.

திரும்பும் வழியில் அப்பா, "இவளுக்கும் புத்தி பெரண்டுபோச்சு" என்றார். வேனில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

முதல் மாதம் ஏலக்காட்டிலேயே தங்கியிருந்த பெரியப்பாவுக்கு. மாத்திரைகளை ஒரு துணிப்பையில் போட்டு, எதை எப்போது கொடுப்பது என்று திரும்பத் திரும்பச் சொல்லி, அத்தை சித்தப்பாவை ஜீப்பில் ஏற்றிவிட்டாள். அந்த வாரம் அவள் படுத்துத் தூங்கினாள். பகலிலும் தூங்கினாள். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு சினிமாவுக்குப் போனாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு இறங்கிவந்த, ஏலக்காட்டில் வேலை செய்கிற பெண் ஒருத்தி எங்கள் வாசலில் நின்றாள். "ஒங்க தம்பிய ஸ்டோர்ல போட்டுப் பூட்டி வச்சிருக்காங்க ஆத்தா. கத்திக் கத்தித் தொண்ட கட்டிப்போச்சு அவருக்கு."

அத்தை கட்டியிருந்த சேலையோடு கிளம்பினாள். தனியாகப் போகிறாளே என்று அம்மா என்னையும் ஜீப்பில் ஏற்றிவிட்டாள்.

ஏலக்காய் உலர்த்துகிற அந்த ஸ்டோரின் கதவில் பெரிய பூட்டு தொங்கியது. மலையாளியான காவல்காரர் கையைப் பிசைந்தார். "என்னோடு கோவிக்காதே சேச்சி. முதலாளி பூட்டச் சொன்னாரு, நான் எந்து செய்யும்?"

பெரியப்பா சாவியோடு வந்தார். பக்கத்திலிருந்த அவருடைய அறையில் ஆணியில் மாட்டிய துணிப்பை அப்படியே தொங்கியது.

"ரெண்டு நாள் குடுத்துப் பாத்தேன், துப்பிட்டான். அவனோட எவன் மல்லுக்கட்டுறது? எனக்குச் சோலி இல்லையா?"

"எனக்கு மட்டும் சோலி இல்லையாண்ணே?"

அவர் பூட்டைத் திறந்துவிட்டார். உள்ளே சாக்குக் குவியலுக்குப் பின்னால் சித்தப்பா ஒடுங்கிக் கிடந்தார். அவருக்குச் சோறு வைத்திருந்தார்கள். யாரும் முதல் வாய் தின்று காட்டவில்லை. அத்தை தரையில் உட்கார்ந்து அந்தக் காய்ந்த சோற்றில் ஒரு வாய் தின்றாள். பிறகு அவருக்கு ஊட்டினாள்.

"வீட்டுக்குப் போவமாக்கா?" என்று கேட்டார், சத்தமே வராமல்.

பூட்டியதைவிட, பூட்டினால் அவள் வந்துவிடுவாள் என்று தெரிந்தே பூட்டினாரே, அதற்குத்தான் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஜீப்பில் இறங்கும்போது வளைவுக்கு வளைவு அத்தை முன்கம்பியைக் கையால் குத்திக்கொண்டே வந்தாள். சின்னப் பெண்ணாயிருந்த நானோ, அன்றைக்கு அத்தை ஜெயித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பெரியப்பா ஆரஞ்சுப் பழங்களோடு வீட்டுக்கு வந்தார். அத்தை காபி குடித்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, குரல் தழுதழுக்கச் சொன்னார்: "ஒன்னய மாதிரி யாரால முடியும்? நீ மனுசியே இல்ல ஆத்தா. தெய்வம்."

"ஆமாண்ணே" என்றார் அப்பா. அம்மாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அத்தை டம்ளரைச் சுவரில் வீசி அடித்தாள். "தெய்வமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். அடுத்த மாசம் யாரு மொற? அதச் சொல்லுங்க."

பேசியபடி அது அப்பாவின் முறை. ஆனாலும் அடுத்த மாதம் அவள் முறைதான். சித்தப்பா சாகிறவரைக்கும் எல்லா மாதமும்.

சுவரில் வழிந்த காபியைத் துடைக்க என்னிடம் துணியைக் கொடுத்தார்கள். துடைத்துக்கொண்டே, இவ்வளவு உயர்வாகச் சொன்ன பிறகும் அத்தைக்கு ஏன் இத்தனை கோபம் என்று யோசித்தேன். நான் பெரியவளானால் என்னையும் யாராவது அப்படிச் சொல்வார்களா என்று ஆசையாக இருந்தது.