கோட்டக்குப்பத்தில் கிடைத்த பதில்

என் மூத்த மகன் சேவியரை நான் இழந்தது எண்பத்து நான்காம் ஆண்டு ஆகஸ்டில், மாதாவின் விண்ணேற்புத் திருவிழா முடிந்த அடுத்த வாரம். ஆஸ்பத்திரியில் முழங்கால் போட்டுக் கேட்ட ஜெபத்தை ஆண்டவர் காதில் வாங்கவே இல்லை என்றுதான் பல மாதங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது அப்படி இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அழாமல் எழுத முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் திண்டிவனம். என் கணவர் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், லாரி ஓட்டுகிறார். எனக்குக் கன்னியர்கள் நடத்தும் விடுதியில் சமையல் வேலை. கிரிக்கெட் என்றால் என்னவென்றே எங்களுக்குத் தெரியாது. ஆனால் சேவியருக்கு அதுதான் சோறு, தண்ணீர் எல்லாம். சுழற்பந்து வீசுவான். மட்டை பிடிப்பவனுக்கு மிக அருகில் குனிந்து நின்று கேட்ச் பிடிப்பதில் அவனுக்கு ஈடு கிடையாது என்பார்கள். தென்னார்க்காடு மாவட்ட அணியில் அவனுக்கு உயிர்நண்பன் சலீம். பாண்டிச்சேரியை ஒட்டிக் கடலோரத்தில் இருக்கும் கோட்டக்குப்பத்துப் பையன். அத்தா என்று அவன் கூப்பிடும் அவன் அப்பா குவைத்தில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து, "அம்மா, இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்துங்க" என்று உரிமையோடு கேட்டுச் சாப்பிடுவான்.

அந்த வருஷம் ரஞ்சிப் போட்டிக்கான தமிழ்நாடு அணியைத் தேர்ந்தெடுக்க மெட்ராஸில் முகாம் வைத்தார்கள். எங்கள் மாவட்டத்திலிருந்து இரண்டு பேரை அழைத்தார்கள். சேவியரையும் சலீமையும். என் கணவர் லாரியை நிறுத்திய ஊரிலெல்லாம் அதைச் சொல்லிவிட்டு வந்தார்.

முகாமுக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது விழுப்புரத்தில், மாவட்டப் பையன்களே இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆடும் பயிற்சி ஆட்டம். சாயங்காலம் சேவியர் வீட்டுக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"தலை வலிக்குதும்மா. ஒரு காப்பி போடேன்."

பாலைச் சுடவைத்துக் காப்பி கலந்து கொண்டுவந்தேன். பாயில் படுத்திருந்தான். எழுப்பினேன். எழவில்லை. உலுக்கினேன். வாயோரத்தில் நுரை. தெருவே கூடிவிட்டது. என் கணவர் அப்போதுதான் மண்டியிலிருந்து வந்திருந்தார். அந்த லாரியிலேயே, மல்லாட்டைச் சாக்குகள் மேல் பிள்ளையைப் படுக்கவைத்துப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவன் தலை என் மடியில் இருந்தது.

ஆட்டத்தில் தலையில் பந்து பட்டிருக்கிறது என்று அங்கேதான் தெரிந்தது. மண்டைக்குள் ரத்தம் கட்டிவிட்டது என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்தார்கள். பிள்ளை கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி நடையில் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். 'ஆண்டவரே, இவனைக் கொடுத்துவிடும். கொடுக்க மனமில்லையென்றால், ஒரே ஒரு வார்த்தையாவது என்னிடம் பேசச்செய்யும். காப்பி கேட்டதே கடைசி வார்த்தையாகப் போய்விடக் கூடாது.' திரும்பத் திரும்ப இதைத்தான் கேட்டேன்.

ஞாயிறு காலை, எங்கோ பூசை மணி அடித்துக்கொண்டிருந்தபோது உயிர் போய்விட்டது. ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அடக்கத்துக்கு வந்த பையன்கள் மூலம்தான், சேவியர் பக்கத்தில் குனிந்து நின்றபோது அந்தப் பந்தை அடித்தது சலீம் என்று தெரிந்தது. சலீம் அடக்கத்துக்கு வரவில்லை. மெட்ராஸ் முகாமுக்கும் போகவில்லையாம். பாவம் அந்தப் பிள்ளை என்று என் புத்தி சொன்னது. ஆனால் அவன் பெயரைக் கேட்டாலே எழுந்து உள்ளே போய்விடுவேன். கோயிலுக்குப் போனேன், வந்தேன். ஜெபம் வரவில்லை. விடுதியில் உலையில் அரிசி போட்டுவிட்டு அப்படியே நின்றுவிடுவேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் ஒரு அம்மா குடையோடு வாசலில் நின்றார். முக்காடு நனைந்திருந்தது. சலீமின் தாய்.

"அக்கா, ஒங்க மொகத்தப் பாக்க எனக்கு யோக்கிதை இல்ல. எம் புள்ள சரியா சாப்புடறதில்ல. யார் கூடயும் பேசறதில்ல. கடலையே பாத்துக்கினு ஒக்காந்திருக்கான். எனக்கு ரொம்ப பயமா இருக்குதுக்கா. நீங்க ஒரு தடவ வந்து பேசுனீங்கன்னா…"

"என்னால முடியாதும்மா" என்றேன். அவர் தலையாட்டினார். இருவரும் சேர்ந்து அழுதோம். மழையிலேயே போய்விட்டார்.

அவர் போன பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு தாய் இன்னொரு தாயிடம் தன் பிள்ளை உயிரைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மறுநாளிலிருந்து கோயிலில், மகனின் உடலை மடியில் வைத்திருக்கும் வியாகுல மாதா முன்னால் போய் உட்கார்ந்தேன். 'தாயே, என்னால் முடியவில்லை. நீங்கள் முடியச்செய்யுங்கள்' என்று மட்டும் சொன்னேன். மழைக்காலம் முழுக்க இதே ஜெபம். ஒன்றும் நடக்கவில்லை. கல்லாகவே இருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் ஒரு காலை, பூசை முடிந்து எழுந்தேன். வீட்டுப் பக்கம் திரும்பவேண்டிய கால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தது. பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்பதே உறைத்தது. ஆனால் இறங்கத் தோன்றவில்லை. அது என் தைரியம் இல்லை, சகோதரிகளே. எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது.

கோட்டக்குப்பத்தில் விசாரித்துப் போனேன். சலீம் என்னைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டான். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, அடையாளமே தெரியவில்லை. பிறகு என் காலில் விழுந்தான்.

"நான் அடிச்ச அடிதாம்மா. என் கையாலதாம்மா."

"எழுந்திருடா. பந்து எங்க போவும்னு நீ என்னடா கண்ட?"

அதைச் சொன்னது என் வாய்தானா என்று எனக்கே ஆச்சரியம். அவன் தாயிடம் சோறு கேட்டு வாங்கிப் பிசைந்து ஊட்டினேன். அழுதுகொண்டே வாங்கினான். கொஞ்சம் தெளிந்த பிறகுதான் அவன் அதைச் சொன்னான்.

"அடிபட்டதும் ஒக்காந்துட்டான்மா. ஒடனே எழுந்து சிரிச்சான். ஒண்ணுமில்லடான்னான். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல நான்தான் அவன ஏத்திவுட்டேன். ஜன்னல் வழியா கூப்புட்டு சொன்னான்மா. 'நாம மெட்ராஸ்ல ஆடற மொத மேட்ச்சுக்கு எங்கம்மாவ இட்டுக்கினு வரணும்டா. சமையக்கட்ட தவிர அது ஒண்ணும் பாத்ததில்ல. நம்மள பாத்து அது கை தட்டணும்டா'ன்னான். பஸ் கெளம்பிடிச்சி."

அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்து நான் வாய்விட்டு அழுதேன். ஆஸ்பத்திரியில் நான் கேட்டது ஒரு வார்த்தை. அதை ஆண்டவர் நான் கேட்கும் முன்பே சலீமிடம் கொடுத்துவைத்திருந்தார். நான் வந்து வாங்கிக்கொள்ளும் வரை காத்திருந்தார்.

கிளம்பும்போது சொன்னேன். "நீ ஆடு சலீம். அவன் சொன்னத நீ செய்."

அடுத்த வருஷம் அவன் தமிழ்நாடு அணியில் இடம் பிடித்தான். மெட்ராஸில் ஆட்டம் என்றதும் அவனே வந்து எங்கள் இருவரையும் அழைத்துப்போனான். வாழ்க்கையில் முதல்முறையாக மைதானத்தைப் பார்த்தேன். மட்டையில் பந்து படும் ஒவ்வொரு சத்தத்துக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். சலீம் ஆட வந்தபோது, எதிரணிப் பையன் ஒருவன் அவன் பக்கத்தில் வந்து குனிந்து நின்றான். சேவியர் நிற்கும் இடம்.

"ஏங்க, அந்தப் புள்ள தலையில எதுனா போட்டிருக்கானா?" என்று கணவரைக் கேட்டேன்.

"போட்டிருக்கான். இரும்புத் தொப்பி மாதிரி இருக்குது."

இருந்தும் மனசு கேட்கவில்லை. யார் பெற்ற பிள்ளையோ, அவனுக்காக ஜெபமாலை சொன்னேன். சலீம் கொஞ்ச நேரத்திலேயே அவுட்டாகித் தலை குனிந்து திரும்பினான். மைதானமே சும்மா இருந்தது. நான் மட்டும் எழுந்து நின்று கை தட்டினேன். கை வலிக்கும் வரை தட்டினேன்.

சில ஆட்டங்களுக்குப் பிறகு அணியில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. இப்போது அத்தாவோடு குவைத்தில் வேலை. லீவில் வந்தால் முதலில் கல்லறைக்கு வருகிறான். அவன் முறைப்படி கையேந்தி துஆ கேட்கிறான், நான் என் முறைப்படி ஜெபிக்கிறேன்.

என் துக்கம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். காப்பி கலக்கும்போது இன்றும் கை நிற்கிறது. ஆனால் நெஞ்சில் இருந்த கல் இல்லை. ஜெபமாலை இப்போது என் பிள்ளைக்காக மட்டும் இல்லை, ஊரார் பிள்ளைகளுக்காகவும்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய் யாராவது இதைப் படித்தால், அழுகையை அடக்காதீர்கள். அழுதுகொண்டே கேளுங்கள். பதில் உங்களால் ஏற முடியாத வாசலில் இருப்பதாகத் தோன்றினாலும், கூட்டிப்போகச் சொல்லி ஆண்டவரிடமே கேளுங்கள். என்னைக் கூட்டிப்போனார். என் பிள்ளை எனக்காக அங்கே ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போயிருந்தான். ஆண்டவருக்கு நன்றி.