டயருக்கு வயது ஏழு

மார்வா டெக்கர் பெல் ஃபூஷ் ஊரில் இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பனி கொட்டினாலும் காற்று ஆளைத் தள்ளினாலும், காலையில் ஆறு டயரையும் குனிந்து பார்த்துக் கையால் தடவி, தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறுவாள். அது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் அவள் செய்வாள். பின்னால் நாற்பத்தொரு பிள்ளைகள் கூச்சல் போடும்போது டயரைப் பற்றிக் கவலைப்பட யாருக்கு நேரம்?

வீட்டில் அவளுக்கு இன்னொரு வண்டி உண்டு. எண்ணூற்று ஐம்பது பவுண்டு கனத்தில், காட்டெருமை படுத்திருப்பது போல நிற்கும் கருநீல க்ரூஸர் மோட்டார் சைக்கிள். முன்பு அவள் கணவன் கிளென் ஓட்டியது. இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு அந்தக் கனத்தை நிமிர்த்திப் பிடிக்க அவனால் முடியவில்லை. விற்றுவிடலாம் என்றான். "விக்கிறதாவது? பின்னாடி ஏறி உக்காரு" என்றாள் மார்வா. அன்றிலிருந்து அவள் முன்னால், அவன் பின்னால். பெட்ரோல் போடும் இடங்களில் ஆண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். கிளென் சட்டை செய்யமாட்டான். "நான் வெறும் மூட்டைங்க. மூட்டைக்கு லைசென்ஸ் வேணாம் பாருங்க" என்பான்.

போன ஏப்ரலில் பனி கரைந்து வண்டியை வெளியே எடுத்தபோது பின் டயர் நடுவில் மொட்டையாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை உணவுக்கடையில் முட்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் ஆறிப்போகும்வரை அதே பேச்சு. கிளெனின் தம்பி டுவேன்தான் முதலில் ஆரம்பித்தான்.

"அண்ணி, நான் சொல்றதக் கேளு. பின்னாடி கார் டயர் மாட்டிடு. நான் அதான் போட்டிருக்கேன். முப்பதாயிரம் மைல் வரும்."

"வளைவுல எப்படிப் போகுது?"

"வளைவுல கொஞ்சம் அடம்பிடிக்கும்."

"கார் சாயுமா டுவேன்? சாயாது. பைக் சாயும். சாயாத வண்டியோட டயர சாயற வண்டியில மாட்டிட்டு முப்பதாயிரம் மைலாம். அதுல நீ உசுரோட எத்தன மைல் ஓட்டுவ?"

கிளெனுக்கு வெள்ளைப்பட்டை போட்ட டயர்மேல் ஆசை. "அழகா இருக்கும் மார்வா."

"பின்னாடி உக்காந்திருக்கற உனக்கு அது எங்க தெரியப்போகுது?"

அழகை ஒதுக்கிவிட்டு அவள் கனத்தைப் பார்த்தாள். குளியலறை எடைக்கருவியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, கிளெனைக் குளிர்க்கோட்டும் பூட்ஸுமாக அதில் ஏறச் சொன்னாள். "இது அநியாயம், பூட்ஸே ஆறு பவுண்டு" என்று அவன் முனகினான். பிறகு தன்னை, பயணப் பைகளை, கூடாரத்தை எல்லாம் நிறுத்தாள். மிருதுவான ரப்பர் சாலையை நன்றாகப் பிடிக்கும், ஆனால் இரண்டு கோடைக்குமேல் தாங்காது. கெட்டி ரப்பர் நாள்பட உழைக்கும், மழையில் காலை வாரும். ஒரு வாரம் படித்து, நாலு பேரைக் கேட்டு, இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பக்கச்சுவர் தடித்தது, தொள்ளாயிரம் பவுண்டுக்கு மேல் தாங்குவது. பெயரையும் அளவையும் தாளில் எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ரேபிட் சிட்டியில் கர்ட் பிராண்ட்வோல்ட் என்பவனின் கடையில் அந்த டயர் இருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். சனிக்கிழமை போனார்கள். மார்வா தாளை நீட்டினாள். கர்ட் அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கிளெனிடம் பேசினான்.

"நல்ல டயர் சார். உங்க வண்டிக்குப் பொருத்தமானது."

"எப்போ செஞ்சது?" என்று மார்வா கேட்டாள்.

"புத்தம் புதுசு சார்" என்றான் கர்ட், மறுபடியும் கிளெனைப் பார்த்து.

"என்னப் பாத்து ஏன் சொல்றீங்க? ஓட்டறது அவ. நான் மூட்டை" என்றான் கிளென்.

கர்ட் சிரித்தான். மார்வா சிரிக்கவில்லை. பட்டறைக்குள் வாடிக்கையாளர் வரக்கூடாது என்று பலகை தொங்கியது. மாட்டி முடிக்கும்வரை கசந்த காபியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வீடு திரும்பும் வழியில், ரேபிட் சிட்டியைத் தாண்டி இருபது மைல். இலேசாகத் தூறல் போட்டிருந்தது. அவள் நூறு தடவை திரும்பிய வளைவில், வழக்கத்தைவிடக் குறைந்த வேகத்தில் போகும்போதே, வண்டியின் பின்புறம் ஒரு முழம் வெளியே வழுக்கியது. கிளெனின் விரல்கள் அவள் இடுப்பில் பதிந்தன. எப்படியோ நிமிர்த்திச் சாலையோரம் நிறுத்தினாள்.

பிறகு மார்வா ஈரத் தரையில் மல்லாந்து படுத்தாள். டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். பல டயர்களில் அது ஒரு பக்கம்தான் இருக்கும். இதில் அந்தப் பக்கம், சக்கரத்தைச் சுழற்றும் பெல்ட்டுக்குப் பின்னால் மறைந்திருந்தது. கைபேசி வெளிச்சத்தில் படித்தாள். மூன்று, ஒன்று, ஒன்று, ஏழு. பதினேழாம் வருடம், முப்பத்தொன்றாவது வாரம். இது இருபத்து நாலு.

"ஏழு வயசுய்யா கிளென்! ஏறக்குறைய ஏழு வயசு! ஒண்ணாங்கிளாஸ் பையனுக்கு ஆகற வயசு இது!"

"வீட்டுக்குப் போயி நாளைக்குப் பேசலாமா?"

"நாளைக்கா? உன் மண்ட இந்த ரோட்டுல சிதறியிருந்தா யாருகிட்ட நாளைக்குப் பேசறது?"

முப்பது மைல் வேகத்தில் ஊர்ந்து கடைக்கே திரும்பிப் போனாள். பின்னால் வந்த லாரிகள் ஒலி எழுப்பித் திட்டின. அந்தத் தூரம் முழுவதும் அவள் நெஞ்சில் கொதித்தது டயரைவிட அந்தச் சொல்தான்: புத்தம் புதுசு சார்.

கர்ட் கொஞ்சமும் அசரவில்லை. "புது டயர் முதல் நூறு மைல் வழுக்கத்தான் செய்யும்மா. மேல மினுமினுப்பு இருக்கும். இது ஓட்டறவங்களுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும். அந்த மினுமினுப்புக்கு ஏத்தமாதிரிதான் ஓட்டினேன். இது மினுமினுப்பு இல்ல, காஞ்ச ரப்பரு. ஏழு வருஷமா எங்க கெடந்துச்சு?"

"ஓடாத டயர் புது டயர்தான். பழைய டயர விக்கக்கூடாதுன்னு எந்தச் சட்டமும் கிடையாது. மாட்டினத நாங்க திருப்பி எடுக்கமாட்டோம். வேணும்னா நாப்பது டாலர் கொறச்சுக்கறேன் சார்."

அந்த "சார்"தான் அவளைக் கிளப்பியது. அவள் திரும்பி, வாசலில் விற்பனைக்கு அடுக்கியிருந்த டயர் வரிசைக்குப் போனாள். அங்கே மூன்று நான்கு பேர் விலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேருந்தின் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் அவளுடையது. ஒவ்வொரு டயராகப் புரட்டி, எண்ணைத் தேடி, உரக்கப் படித்தாள்.

"இது பதினெட்டாம் வருஷத்துது! இது பத்தொம்பது! இது... அடப்பாவி, பதினாறு! இதப் போய்ப் புதுசு விலைக்குக் குடுக்கறான்!"

விலை பார்த்தவர்கள் கையிலிருந்த டயர்களைத் திருப்பித் தேட ஆரம்பித்தார்கள். கர்ட் ஓடிவந்தான். "நிறுத்தலைன்னா போலீசக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடு. வர்றவர்கிட்டயும் படிச்சுக் காட்டறேன்."

உண்மையிலேயே கூப்பிட்டான். இருபது நிமிடத்தில் ஷெரிஃப் அலுவலகத்து ஆள் ஒருவர் வந்தார். தடித்த, சோர்ந்த மனிதர். இரண்டு பக்கத்தையும் கேட்டுக்கொண்டு, மார்வா நீட்டிய பில்லையும் படித்தார்.

"பழைய டயர விக்கறது குத்தமா சார்?" என்றான் கர்ட்.

"இல்ல."

"அப்போ இவங்கள வெளிய அனுப்புங்க."

"பழைய டயர விக்கக்கூடாதுன்னு சட்டம் இல்ல. வாசல்ல விக்க வெச்சதுல எழுதியிருக்கற நம்பரப் படிக்கக்கூடாதுன்னும் சட்டம் இல்ல" என்றார் அவர். "ஆனா பில்லுல புதுசுன்னு எழுதியிருக்கீங்க. அந்தம்மா வழக்குப் போட்டா நீங்கதான் நீதிபதிகிட்ட வந்து இந்த ஏழு வயசுக் கதையச் சொல்லணும். நல்லா யோசிச்சுக்கோங்க."

கர்ட் யோசித்தான். பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். மன்னிப்புக் கேட்கவில்லை. ரசீதைக்கூடக் கிளெனிடம்தான் நீட்டினான். கிளென் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். மார்வா எட்டிப் பிடுங்கினாள்.

டுவேன் இழுவண்டியோடு வந்து, பின் டயர் இல்லாமல் நின்ற க்ரூஸரை ஏற்றிப்போனான். அடுத்த வாரம் ஸ்பியர்ஃபிஷில் ஒரு சின்னப் பட்டறையில் அதே ரக டயர் கிடைத்தது. பதினோரு வாரம் முன் செய்தது. பட்டறைக்காரி கேட்காமலே எண்ணைக் காட்டினாள். ஆனாலும் மார்வாவின் கோபம் இறங்கவில்லை. தனக்குப் பணம் வந்துவிட்டது. வாசலில் அடுக்கியிருந்த மிச்சத்தை யார் மாட்டிக்கொண்டு போகிறார்களோ? மாநிலச் சட்டசபை உறுப்பினருக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினாள். அச்சடித்த ஒரு பதில் வந்தது. "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்றிருந்தது.

"ஆர்வமாம்! எனக்கு என்ன பாட்டுல ஆர்வமா, பூச்செடியில ஆர்வமா?" என்று அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாள். போகும்போதும் வரும்போதும் திட்டுவதற்கு வசதியாக.

ஆகஸ்டில் பக்கத்து ஸ்டர்ஜிஸில் மோட்டார் சைக்கிள் திருவிழா. லட்சக்கணக்கில் வண்டிகள் வந்து இறங்கும். மார்வா ஒரு தேவாலயத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் அனுமதி வாங்கி, மடக்கு மேசை போட்டு, அட்டையில் எழுதிவைத்தாள்: "டயர் வயது பார்க்கப்படும். இலவசம்." முழங்காலுக்குத் தோட்டவேலை மெத்தை, கையில் டார்ச். கிளென் எலுமிச்சைச் சாறு ஊற்றிக்கொடுத்தான். சிலர் கேலி செய்தார்கள். பலர் வந்தார்கள். பத்துக்கு ஒன்று கிழட்டு டயராக இருந்தது.

மூன்றாம் நாள் ஒஹையோக்காரன் ஒருவன் பளபளக்கும் வண்டியோடு வந்தான். பின்னால் மனைவி. டயர் முந்தாநாள் போட்டது என்றான்.

"எங்க போட்டீங்க?"

அவன் சொன்னது கர்ட்டுடைய கடையின் பெயர். மார்வா குனிந்து படித்து நிமிர்ந்தாள். "பதினெட்டாம் வருஷம்."

அவன் முகம் சிவந்தது. "என் லீவக் கெடுக்கறதுக்குன்னே உக்காந்திருக்கியா நீ? உனக்கு வேற வேல இல்ல?"

"லீவக் கெடுத்தவன் உன்கிட்டப் பணம் வாங்கிட்டு ரேபிட் சிட்டியில உக்காந்திருக்கான். எம்மேல ஏன் பாயற? உன் பின்னாடி இருக்கற அந்தம்மாவக் கேளு, அவங்க உசுருக்கு என்ன வெலன்னு!"

அவன் வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டான். "பொய் சொன்னவனுக்குப் பணம். நெஜத்தச் சொன்னா வசவு" என்று மார்வா மேசையைக் குத்தினாள். எலுமிச்சைச் சாறு சிந்தியது. கிளென் துடைத்தான்.

ஒரு மணி நேரம் கழித்து அந்த மனைவி மட்டும் நடந்து வந்தாள். தலைக்கவசம் கையில் இருந்தது.

"இனிமே அந்த வண்டியில ஏறமாட்டேன்னு சொல்லிட்டேன்" என்றாள். "அவரு அந்த மூலையில நிக்கறாரு. வரக் கூச்சப்படறாரு. நல்ல கடை எங்க இருக்கு?"

மார்வா ஸ்பியர்ஃபிஷ் பட்டறையின் முகவரியை எழுதிக் கொடுத்தாள். "அவர மெதுவா ஓட்டச் சொல்லுங்க. நாப்பதுக்கு மேல வேணாம்" என்றாள். குரலில் இன்னும் சூடு இருந்தது. அடுத்த வண்டிக்காரர் வரிசையில் செருமினார். அவள் மெத்தையை நகர்த்திப் போட்டு மண்டியிட்டாள்.