அக்கா கொடுத்த சொட்டு மருந்து

எங்கள் சித்தப்பாவின் பிள்ளைகள் இரண்டு பேரையும் நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல். பாசமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தம்பிக்காரனைப் பேருந்து நிலையத்துக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும், முகத்தால் அல்ல, குரலால். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது கிளம்பப் போகிறது என்று மாடியில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மைக்கில் சொல்கிறவன் அவன்தான். பெயரே மைக்கு என்றாகிவிட்டது. அவன் அக்கா கீழே வாசலோரம் பை தைக்கும் கடை வைத்திருக்கிறாள். ஜிப் மாற்றுவாள், அறுந்த வாரைத் தைத்துக் கொடுப்பாள். மைக்குவின் மனைவிக்கும் அங்கேயே நிலையத்துக்குள் ஒரு துணிக்கடையில் வேலை. ஆக மொத்தக் குடும்பமும் பகலெல்லாம் அவன் குரல் காதில் விழும் தூரத்தில்தான் இருக்கும்.

கண் அழுத்த நோய் எங்கள் வம்சத்துச் சொத்து. எங்கள் தாத்தா கடைசிக் காலத்தில் கதவு நிலையில் மோதாமல் ஒரு அறைக்குள் நுழைந்ததில்லை. பெரிய அத்தைக்கு ஒரு கண் போயிற்று. சித்தப்பாவுக்கு வலது பக்கம் நிற்கிற ஆள் தெரியாது. அதனால் அந்த வீட்டில் திட்டு வாங்கியதெல்லாம் இடது பக்கம் நின்றவர்கள்தான். என் அப்பா தப்பினார், நானும் இதுவரை தப்பித்திருக்கிறேன். சித்தப்பா பட்ட பாட்டைப் பார்த்துத்தான் பிள்ளைகள் இரண்டும் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதித்துக்கொண்டார்கள். இருவருக்கும் இருந்தது. அவனுக்கு இடது கண்ணில் மட்டும், அவளுக்கு இரண்டிலும்.

"போன பார்வை வராது. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம். மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்க" என்று சொல்லி, கண் டாக்டரம்மா ஆளுக்கு ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். அவனுக்கு ஒன்று, அவளுக்கு வேறொன்று. ஏன் வேறு வேறு என்று அவர் விளக்கியபோது இதுகள் இரண்டும் கேட்டிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியிருக்காது. அந்த நேரத்தில் யாருக்கு ஆஸ்பத்திரி கேன்டீன் நன்றாகத் தெரியும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களாம்.

கொஞ்ச நாள் போனது. மைக்குவின் இடது கண்ணைச் சுற்றித் தோல் கறுக்க ஆரம்பித்தது. வெள்ளை விழி சிவந்தது. அந்த ஒரு கண்ணில் மட்டும் இமை மயிர் நீளமாக வளர்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தது. இன்னொரு கண் சாதாரணமாக இருந்ததால் பார்க்கிறவர்களுக்கு ஒன்றுதான் தோன்றியது.

"என்னண்ணே, வீட்ல பலமான பூசையா?" என்பார் கண்டக்டர்.

"கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொல்லுங்கண்ணே, நாங்க நம்பிடறோம்" என்பார் டிரைவர்.

அவன் மனைவிக்குத்தான் வெளியே தலை காட்ட முடியவில்லை. துணிக்கடை முதலாளி அவளைக் கூப்பிட்டு, குடும்பத்தில் எதுவானாலும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று அறிவுரை சொன்னாராம். வீட்டுக்கு வந்து குதித்தாள். "என் கைக்கு அவ்வளவு பலம் இருந்தா இந்த ஒரு கண்ணோட நிறுத்தியிருப்பேனா? ஏங்க, மருந்துதான்னு வாயைத் திறந்து சொன்னா என்ன? நாள் முழுக்க மைக்ல பேசறீங்க, இதைச் சொல்ல முடியலையா?"

அவனுக்குச் சொல்ல வெட்கம். கண்ணில் நோய் என்று தெரிந்தால் வேலையிலிருந்து தூக்கிவிடுவார்களோ என்று பயம் வேறு.

அக்காக்காரியின் தொல்லை வேறு மாதிரி. அவள் மருந்து முகத்தில் ஒன்றும் செய்யவில்லை. ஆளைத்தான் அடித்துப் போட்டது. கை கால் குளிர்ந்து, உட்கார்ந்தால் எழுந்திருக்க மனமில்லாமல், நாடி நத்தை மாதிரி நகர்ந்தது. ஒரு நாள் ஒரு பயணியின் பைக்கு ஜிப் வைக்கிறேன் என்று பையின் வாயையே சேர்த்துத் தைத்துவிட்டாள். அந்த மனிதர் துணிமணியெல்லாம் உள்ளே மாட்டிக்கொள்ள, வண்டியையும் விட்டுவிட்டு, மூடிய பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

டாக்டரிடம் போய் இதைச் சொல்லியிருக்கலாம். "கண்ணு டாக்டர்கிட்ட போய் எனக்குச் சோம்பலா இருக்குன்னா சிரிக்க மாட்டாங்களா?" என்றாள்.

இவர்கள் இருவரும் சின்ன வயதிலிருந்தே மாற்றிக்கொள்கிற ஜாதி. தட்டை மாற்றுவார்கள், செருப்பை மாற்றுவார்கள், ஒருத்தருக்கு வந்த அடியை இன்னொருத்தர் போய் வாங்குவார்கள். எனவே இதற்கும் அதே வழி கண்டுபிடித்தார்கள்.

"ரெண்டும் கண்ணு பிரஷருக்குத்தானே?"

"ஆமா. எனக்குக் கறுத்தா என்ன, நான் என்ன கல்யாணப் பொண்ணா? என்னோடதை நீ போட்டுக்க."

புட்டிகள் கை மாறின. யாரிடமும் மூச்சு விடவில்லை. அவனுக்குச் சிறு வயதிலிருந்தே இளைப்பு உண்டு, சட்டைப் பையில் எப்போதும் இன்ஹேலர் வைத்திருப்பான் என்பது மட்டும் இரண்டு மூளையிலும் உதிக்கவில்லை. கண் எங்கே, நெஞ்சு எங்கே என்று நினைத்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மதியம் நான் என் கைப்பைக்கு வார் மாற்ற அவள் கடைக்குப் போயிருந்தேன். அவள் சுறுசுறுப்பாக ஊசி குத்திக்கொண்டிருந்தாள். மாடி ஒலிபெருக்கியில் தம்பியின் குரல் வந்தது.

"பயணிகள் கவனத்திற்கு. ஏழாவது மேடையில்... நிற்கும் வண்டி... இன்னும்..."

அதற்குமேல் வார்த்தை வரவில்லை. விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற சத்தம். நிலையம் முழுக்க அது கேட்டது. ஏதோ மிஷின் கோளாறு என்று ஜனங்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என் பையைத் தூக்கி என் மடியில் எறிந்துவிட்டு மாடிப்படியை நோக்கி ஓடினாள். எனக்கு முட்டி வலி, ஏற முடியாது. கீழேயே நின்றேன். ஆனால் ஒன்றும் தப்பவில்லை, மைக்கை யாரும் அணைக்கவில்லையே!

"டேய், இன்ஹேலர் எங்கடா?"

"அடிச்சாச்சு... கேக்க மாட்டேங்குது."

"எத்தனை நாளா இப்படி இழுக்குது?"

"உன் மருந்து... போட்டதுலேருந்து."

"பாவி! என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா... திருப்பிக் கேப்ப. மறுபடியும் எம்மூஞ்சி... கறுத்துடும்."

நாற்பது வண்டிக்குக் காத்திருந்த கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. துணிக்கடையிலிருந்து அவன் மனைவி அளவு நாடா கழுத்தில் தொங்க ஓடி வந்து படியேறினாள். அடுத்து அவள் குரலும் ஒலிபெருக்கியில் வந்தது.

"அண்ணி, என்ன பண்ணித் தொலைச்சீங்க ரெண்டு பேரும்? மருந்தை மாத்திக்கிட்டீங்களா? அது என்ன மிட்டாயா?"

"நல்லதுக்குத்தாம்மா..."

"முதல்ல ஆட்டோவைக் கூப்பிடுங்க!"

அப்போதும் அந்த மடையன் மைக்கை இழுத்து, "ஏழாவது மேடை வண்டி... புறப்படும்" என்று முடித்துவிட்டுத்தான் எழுந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை யார் குத்தினாலும் தப்பில்லை என்று தோன்றியது.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்தை ஆவியாகக் கொடுத்தார்கள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்ட டாக்டருக்கு, ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று தலையை ஆட்டினான். கண்ணில் விடுவது அவனுக்கு மருந்துக் கணக்கில் வரவில்லை. அவன் மனைவி சட்டைப் பைக்குள் கைவிட்டுப் புட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். பேரைப் பார்த்ததும் அந்த டாக்டர் நர்ஸைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு ஊசியும் போட்டார்கள். அக்காக்காரி வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றாள். நான் திட்ட வாயெடுத்தேன், அவள் அழுவதைப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்து நீட்டினேன். மாலையில்தான் மூச்சு சீரானது.

பிறகு கண் டாக்டரம்மாவிடம் எல்லோருமாகப் போனோம்.

"கண்ணுல விடற சொட்டு கண்ணோட நிக்காதுங்க. ஓரத்துல இருக்கிற துவாரம் வழியா மூக்குக்கு இறங்கி ரத்தத்துல கலந்துடும். அக்காவோட மருந்து இதயத்தை மெதுவாக்கும், மூச்சுக்குழாயைச் சுருக்கும். உங்களுக்கு இளைப்பு இருக்குன்னுதானே அதை நான் தரலை?" என்றார். குரலில் எனக்கிருந்த அதே சலிப்பு. அக்கா பக்கம் திரும்பினார். "நீங்க சோர்வா இருக்குன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேனே. சிரிக்கவா இங்க உக்காந்திருக்கேன்?"



நல்லவேளை, பார்வைச் சோதனையில் இருவருக்கும் இருந்தது இருந்தபடியே இருந்தது. அவளுக்கு வேறு மருந்து எழுதினார். சொட்டு விட்டதும் கண்ணின் உள் மூலையை விரலால் அழுத்திப் பிடிக்கச் சொன்னார், கீழே இறங்காமலிருக்க.

"எனக்கும் கறுக்காததா ஒண்ணு இருக்கா டாக்டரம்மா?" என்றான் அவன்.

"இருக்கு. ஆனா உங்களுக்கு இதுதான் நல்லா கேக்குது. கறுப்பு பாதகமில்லை, மருந்தை நிறுத்தினா நாளாவட்டத்துல குறையும். பார்வை போனா வராது. வழியறதை ஈரத்துணியால உடனே துடைச்சிடுங்க, அவ்வளவா கறுக்காது. எது வேணும், சொல்லுங்க."

சித்தப்பா கடைசி நாட்களில் சோற்றைத் தட்டுக்கு வெளியே பிசைந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அவனுக்கும் வந்திருக்க வேண்டும்.

"பழசையே போட்டுக்கறேன்" என்றான்.

வேலையைப் பற்றி அவன் பயந்தது வீண். மைக்கில் எல்லாவற்றையும் கேட்டிருந்த நிலைய அதிகாரி, உடம்பு தேறியதும் வந்தால் போதும் என்று சொல்லியனுப்பினார்.

இப்போது சாயங்காலமானால் அவன் மனைவி அடுக்களையில் இரண்டு பேரையும் நாற்காலியில் உட்காரவைத்து அவளே சொட்டு விடுகிறாள். புட்டியை அவர்கள் கையில் கொடுப்பதில்லை. நேற்று நானும் அங்கே இருந்தேன். அக்காக்காரி கண்ணின் மூலையை அழுத்திக்கொண்டே, "புதுசு நல்லாத்தான் இருக்கு, வாய்தான் கசக்குது" என்றாள்.

"கசப்பு மட்டுந்தானா?" என்றான் அவன் மெதுவாக. "மூஞ்சியில ஒண்ணும் வரலையே?"

அவன் மனைவி இரண்டு புட்டிகளையும் எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, கடைசி பஸ்ஸுக்குப் போகிறவள் மாதிரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் அடுப்பைப் பற்ற வைத்தாள்.