வீடு பார்க்க வந்தவர்கள்

எங்கள் தெருவின் கடைசி வீடு வுப்போ ரோசெமாவுடையது. யார் சுவரையும் தொடாமல் தனியாக நிற்கும் பெரிய வீடு. மாடியில் ஐந்து அறைகள். பின்பக்கத் தோட்டம் சரிந்து போய் வாய்க்காலில் முடியும். வுப்போ நகராட்சி நீச்சல் குளத்தில் நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். எங்கள் ஆசென் ஊரில் என்னைவிட இளையவர்களில் பாதிப்பேர் அவர் நீட்டிய கம்பைப் பிடித்துத்தான் மிதக்கக் கற்றார்கள். அவர் மனைவி யன்டின் கால்நடை மருத்துவர். மூன்று பிள்ளைகள், இரண்டு நாய்கள், யன்டின் தூக்கிவந்து வைத்துக்கொள்ளும் சீக்கு ஆட்டுக்குட்டிகள் என்று ஒரு காலத்தில் அந்த வீடு சந்தைக்கடை மாதிரி இருக்கும்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். மூத்தவன் கனடாவில், அடுத்தவன் நியூசிலாந்தில், மகள் இனெகே மட்டும் உள்நாட்டிலேயே, உட்ரெக்டில். பிறகு யன்டினும் போய்ச் சேர்ந்தாள். எங்கள் பக்கம் யாரும் ஜன்னலுக்குத் திரை இழுப்பதில்லை. சாயங்காலம் நாயோடு நடக்கும்போது, நீள மேஜையின் ஒரு முனையில் அவர் மட்டும் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருப்பது தெரியும். கையசைப்பேன். அவரும் அசைப்பார். முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் வீட்டுக்குள் நுழைகிற வழக்கம் எங்களிடம் கிடையாது.

வீட்டை விற்றுவிட்டுச் சின்ன ஃபிளாட்டுக்குப் போகச் சொல்லி இனெகே நச்சரித்தாள். அவரும் சரி என்றார். மார்லூஸ் என்ற வீட்டுத் தரகர் வாசலில் விற்பனைப் பலகை நட்டாள். யாராவது வீடு பார்க்க வந்தால் சொந்தக்காரர் கொஞ்ச நேரம் வெளியே போய்விடுவதுதான் முறை. முதல் தடவை வுப்போ அப்படித்தான் செய்தார். சூப்பர் மார்க்கெட் வாசலில், மழையில், காருக்குள் உட்கார்ந்திருந்தார். அடுத்த தடவை அவர் போகவில்லை.

காப்பி போட்டார். ஆப்பிள் கேக் சுட்டு வைத்தார். இங்கெல்லாம் காப்பிக்கு ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடிவிடுவார்கள். வுப்போ மூடியைத் திறந்தே வைத்தார். வீடு பார்க்க வந்தவர்கள் நிலவறையையும் வீட்டைச் சூடாக்கும் கொதிகலனையும் பார்த்துவிட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு தம்பதி, இன்னொரு குழந்தை வேண்டுமா வேண்டாமா என்று அவர் முன்னாலேயே சண்டை போட்டதாம். அதைச் சொல்லும்போது அவர் முகம் பளிச்சென்றிருந்தது.

விலை பேச வந்தவர்களை மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் முன்வேலியை வெட்டுவேன் என்றாராம். இன்னொருவர் யன்டினின் அறையை நீராவிக் குளியலறை ஆக்குவாராம். மூன்றாவது ஆளிடம் குறை ஒன்றும் கிடைக்கவில்லை. "அவரு சிரிக்கவே மாட்டேங்கறாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். குளிர்காலம் போய் வசந்தம் வந்தது. பலகையின் சாயம் வெளுத்தது.

ஒரு நாள், எனக்கு வந்த பார்சலை அவர் வாங்கி வைத்திருந்தார் என்று எடுக்கப் போயிருந்தேன். மார்லூஸ் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க. நீங்க வீட்ட விக்கிறீங்களா, இல்ல விருந்தாளிங்கள வரவழைக்கிறீங்களா?"

அவர் கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினார். "காலிங் பெல் சத்தம் கேக்க நல்லாருக்கும்மா" என்றார். "பலகைய எடுத்துட்டா, அப்புறம் யாரு வந்து அடிப்பா?"

மார்லூஸ் கோட்டை மாட்டிக்கொண்டு, இன்னும் ஒரே ஒரு குடும்பத்தைக் கூட்டி வருவதாகவும் அதற்குப் பிறகு தான் விலகிக்கொள்வதாகவும் சொன்னாள். பார்சலோடு நானும் அவள் பின்னால் நழுவினேன்.

அந்தக் குடும்பம் சனிக்கிழமை வந்தது. சுமையா மருந்துக்கடை நடத்துபவள். கணவர் இத்ரிஸ் பஸ் ஓட்டுநர். மூன்று சின்னப் பிள்ளைகளோடு சுமையாவின் அம்மாவும் வந்திருந்தார். பிள்ளைகள் நேராக மாடிக்கு ஓடினார்கள். மேலே தடதடவென்று கேட்டதும், வுப்போ பேச்சை நிறுத்திவிட்டு விட்டத்தைப் பார்த்தபடி நின்றாராம். இத்ரிஸ் தோட்டத்தின் கடைசிவரை போய்ப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துத் திரும்பினார்.

"வேணாம். பின்னால தண்ணி இருக்கு."

சுமையா சிரித்தாள். "பனியிலயும் பஸ் ஓட்டுவாரு. வாய்க்காலக் கண்டா மட்டும் கால் நடுங்கும்."

"சிரிக்காத. புள்ளைங்க விழுந்தா நான் கரையில நின்னு கத்தத்தான் முடியும்."

மலை நாடு ஒன்றில் வளர்ந்து, பெரியவனான பிறகு இங்கே வந்தவர் இத்ரிஸ். தன் பிள்ளைகளைக்கூட நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டார். தனக்குத் தெரியாது என்று சொல்லத்தான் இத்தனை காலமும் கூச்சப்பட்டிருக்கிறார். வுப்போ அவரைக் கொஞ்ச நேரம் அளப்பதுபோல் பார்த்தார்.

"புதன்கிழம காலைல டூட்டி உண்டா?"

"மத்தியானம்தான்."

"அப்ப துண்டு எடுத்துக்கிட்டு குளத்துக்கு வாங்க. வீட்டப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

ஓய்வு பெற்ற பிறகு வுப்போ அந்தக் குளத்துப் பக்கம் போனதே இல்லை. அந்த வசந்தம் முழுவதும் புதன்கிழமைகளில் போனார். இடுப்பளவு தண்ணீரில் வாட்டசாட்டமான இத்ரிஸ் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, உடற்பயிற்சிக்கு வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்களாம். வுப்போ சிரிக்கவில்லை. கரையில் கூடவே நடந்தார். ஒரு நாள் இத்ரிஸ், கண்ணை இறுக மூடிக்கொண்டு, கம்பைத் தொடாமலே மறுகரை சேர்ந்தார். அந்த வாரமே வுப்போ வீட்டை அவர்களுக்கு விற்கக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இப்போது அவர் ரயில் நிலையத்துக்கு எதிரே நாலாவது மாடியில் இருக்கிறார். நீள மேஜை லிஃப்டில் நுழையாது என்று அதைப் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டார். சுமையா ஒரு முறை அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். போனவர் சீக்கிரமே கிளம்பிவிட்டார். பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்து என்னவென்று விசாரித்தேன்.

"நல்லா கவனிச்சுக்கிட்டாங்க ஹென்னி. எனக்குத்தான் எங்க உக்காரணும்னு தெரியல."

புதன்கிழமைகள் மட்டும் நிற்கவில்லை. இத்ரிஸ் நீச்சல் தெரியாத இன்னும் இரண்டு ஓட்டுநர்களைக் கூட்டி வந்திருக்கிறார். போன வாரம், போன் பண்ணி நேரம் குறித்துக்கொண்டு, நான் அவரைப் பார்க்கப் போனேன். மற்ற நாட்களில் எப்படிப் பொழுது போகிறது என்று கேட்டேன். பால்கனிக்குக் கூட்டிப் போனார். கீழே நடைமேடை தெரிந்தது.

"ரயில் வந்தா பாப்பேன். தெரிஞ்ச மொகம் யாராச்சும் எறங்குவாங்க."

"எறங்கினாங்களா?"

"இத்ரிஸோட மாமியா ஒரு நாள் எறங்குனாங்க. கையாட்டினேன்" என்றார். "அவங்க மேல பாக்கல."