மூளிக் கருடன்

என் மனைவிக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பார்வை திரும்பினால் பெருமாள் கோயில் தாயாருக்குக் கருடன் போட்ட பட்டுச் சேலை சாற்றுவதாக வேண்டிக்கொண்டாள். திரும்பியது. வைகாசி கருட சேவைக்குள் சாற்றிவிட வேண்டும் என்று நானே டிசைன் போட உட்கார்ந்தேன். பட்டுக்கு டிசைன் போட்டு, அது தறியில் விழுவதற்கான அட்டையைத் துளைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. படிப்பு எட்டாவது, கம்ப்யூட்டர் கைப்பழக்கம்.

ஹார்டு டிஸ்க் அடிக்கடி கெட்டுப்போனதால், கம்ப்யூட்டர் கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரு சிடியிலிருந்தே ஓடும்படி செய்து கொடுத்திருந்தார். நான் புதிதாகப் போட்ட கருடன் உட்பட, என் டிசைன்களையும் அதிலேயே பதித்துவிட்டார். சிடியில் இருப்பதை மாற்ற முடியாது. நான் திருத்தினால், திருத்தியது அதன் மேல் ஓர் அடுக்காக உட்காரும். பார்க்கிறவனுக்கு ஒரே கோப்புதான் தெரியும். மூலவருக்கு அங்கி சாற்றுவதுபோல என்று நான் புரிந்துகொண்டேன்.

அட்டை துளைக்கும் புரோகிராம், டிசைனைத் தன் நினைவில் பிடித்து வைத்துக்கொண்டு வேலை செய்யும். அது பிடித்திருப்பது பழையதா புதியதா என்று பார்க்கக் கடைக்காரரே ஒரு சோதனை வைத்திருந்தார். ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண் உண்டு; திருத்திச் சேமித்தால் அது மாறிவிடும். நினைவில் இருப்பதன் எண்ணும் வெளியே சேமித்திருப்பதன் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், திரையில் சிவப்பாகப் 'பழைய கோப்பு' என்று வரும்.

முதல் நாளே வந்தது. எந்த டிசைனைத் திறந்தாலும் வந்தது. திருத்தவே திருத்தாததற்கும் வந்தது. கடைக்காரரிடம் கேட்டேன்.

"அது அப்டித்தான்ணா காட்டும்" என்றார். "நினைவுல இருக்கிறதுக்கு அடி அடுக்கோட நம்பரைச் சொல்லுது. வெளிய பார்த்தா மேல் அடுக்கோட நம்பரைச் சொல்லுது. கோப்பு ஒண்ணுதான். கண்டுக்காதீங்க."

"அதைச் சரியா சொல்ல வெக்கக் கூடாதாப்பா?"

"வேலை தலைக்கு மேல இருக்குதுணா."

ஆக, தினமும் பொய் சொல்லும் ஒன்றோடு குடித்தனம் நடத்தினேன்.

கருடனை அச்செடுத்து மனைவியிடம் காட்டினேன். கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, ஒரு சிறகு நுனியே இல்ல? மூளியா இருக்குது."

"உனக்குப் பார்வை வந்தது எனக்குத்தான் கஷ்டம்" என்றேன். சிரித்தாள். காகிதத்தில் வரைந்ததை ஸ்கேன் செய்தபோது ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. சிறகை வரைந்து முடித்துச் சேமித்தேன். திறந்து பார்த்தேன், முழுச் சிறகு. காலையிலிருந்தே கருடனோடு திறந்து கிடந்த அட்டைப் புரோகிராமில் பொத்தானை அழுத்தினேன். சிவப்பு எழுத்து வந்தது. எப்போதும் வருவதுதானே என்று தள்ளிவிட்டேன். அன்றைக்கு மட்டும் அது உண்மை சொன்னது. புரோகிராம் பிடித்துக்கொண்டிருந்தது சிடியில் கிடந்த பழைய கருடனை.

அந்த அட்டையை வைத்து நெய்த சேலையை நெசவாளி மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். மனைவி பிரித்தாள். கரை நெடுக, எல்லாக் கருடனுக்கும் ஒரு சிறகு நுனி இல்லை.

"நீங்க போட்ட டிசைனே இப்டின்னு நெனச்சிக்கினு நெய்ஞ்சிட்டேன்ணா" என்று அவர் கையைப் பிசைந்தார். அவர்மேல் என்ன தப்பு? மூளியான உருவத்தைச் சாமிக்குச் சாற்ற முடியாது. மனைவி அந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சேலையோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் பார்த்தார். "சோதனை சொல்லியிருக்குமே! செவப்புல வந்துதா இல்லியா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "வந்துச்சுய்யா! தெனம் வருது! கண்டுக்காதீங்கன்னு சொன்னது யாரு?"

"பொதுவா சொன்னேன்ணா..."

"பொதுவா சொன்னியா? எப்பவும் திருடன் திருடன்னு கத்தறவனைக் காவலுக்கு வெச்சிட்டு, அவன் பேச்சைக் கேக்காதேன்னும் சொல்லிட்டு, திருடு போனதும் அவன்தான் கத்தினானேன்னு எங்கிட்டயே கேக்கறியா? ஒண்ணு நெஜத்தைச் சொல்ல வை. இல்ல அதைப் பிடுங்கிப் போடு."

பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் கத்தினேன்.

கருட சேவைக்குள் திரும்பப் பாவு போட்டு நெய்ய நாள் இல்லை. பெருமாள் கருடன்மேல் எழுந்தருளி எங்கள் தெருமுனைக்கு வந்தபோது, மனைவி வெறுங்கையோடு நின்றாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்குச் சேவிக்கக்கூட மனம் குவியவில்லை.

பிறகு கடைக்காரர் வந்து, இரண்டு பக்கமும் மேல் அடுக்கின் எண்ணையே சொல்லும்படி மாற்றினார். கருடனைத் திறந்தேன். சிவப்பு வரவில்லை. எனக்கு நம்பிக்கையும் வரவில்லை. அவர் எதிரிலேயே புரோகிராமை மூடாமல், வெளியே சிறகில் ஒரு புள்ளியை அழித்துச் சேமித்தேன். உடனே சிவப்பு வந்தது. புள்ளியைத் திரும்ப வைத்து, புரோகிராமை மூடித் திறந்தேன். போய்விட்டது.

"ஆச்சாணா? இவ்ளோதான்" என்றார்.

இவ்வளவுதான் என்றால் முதலிலேயே செய்திருக்கலாமே என்று கேட்க வாய்வரை வந்தது. மனைவி காபி கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். நான் திரும்பி உட்கார்ந்து கருடனுக்கு அட்டை துளைக்க ஆரம்பித்தேன்.