நடுக்கம் தெரியாத படம்

வெளிச்சம் குறைந்த இடத்தில் ஸ்டாண்டு இல்லாமல் படமெடுக்க எனக்கு ஒரு லென்ஸ் வேண்டியிருந்தது. வாடகைக்கு எடுத்த இரண்டு லென்ஸ்களோடு, தலைச்சோலைப் பக்கம் காபிக்கொட்டை பொறுக்கும் ஒரு கொட்டகைக்குப் போனேன். ஒன்று, நம் கை ஆட்டத்தைச் சமன் செய்யும் ஜூம். மற்றது, ஜூம் இல்லாவிட்டாலும் நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும் 35 மி.மீ.

ஜன்னலோரம் இருந்த பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும். ஸ்வெட்டர், தலையில் துண்டு. தட்டிலிருந்து கெட்டுப்போன கறுப்புக் கொட்டைகளைப் பொறுக்கி எறிவார். பேசும்போதும் கை நிற்காது.

ஜூமில் எடுத்ததைக் காட்டினேன். சுவரும் தட்டும் துல்லியமாக இருந்தன; விரல்கள் மட்டும் கலங்கியிருந்தன. அவர் கை நின்றது.

“கை நடுங்குதா கண்ணு? எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டரும் அதத்தான் சொல்றாரு. அடுத்த வாரம் வேலைக்கு வர வேண்டாங்கறாரு.”

“இல்லீங்கக்கா. ஷட்டர் மெதுவா இருந்துச்சுங்க. வேலை செய்யற கை யாருதுன்னாலும் இப்படித்தான் வரும்.”

“செவுரு நொம்ப அழகா வந்திருக்குது. அதுக்கு வேல போவாது,” என்றார் பக்கத்தில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவர்.

35-ஐ மாட்டி, ஷட்டரை வேகமாக்கி எடுத்தேன். இரு விரல்களுக்கு நடுவே ஒரு கறுப்புக் கொட்டை, அசைவில்லாமல்.

“இத ரைட்டரு போனுக்கு அனுப்பி உடு சாமி,” என்றார் ஜன்னலோரப் பெண்மணி. அவர் சொன்ன எண்ணுக்கு அனுப்பினேன்.

அந்த லென்ஸையே வாங்கினேன். அத்தனை வேகமான ஷட்டரில் நடுங்கும் கையும் அசையாமல்தான் தெரியும். அதை அவரிடமும் ரைட்டரிடமும் நான் சொல்லவில்லை. அவர் கை நடுங்கியதா என்று இன்றும் எனக்குத் தெரியாது. படத்தைப் பெரிதாக்கித் தட்டைப் பார்த்தேன். விரலிடையே இருந்ததைத் தவிர வேறொரு கறுப்புக் கொட்டை அதில் இல்லை.