மூன்றாம் ஜன்னலின் சிவப்பு முகம்

நகராட்சி அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழ் தரும் மூன்றாம் ஜன்னலில் இருந்தவருக்குச் சிரிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் அது சுத்தப் பொய். மனதுக்குள் அவர் நாள் முழுவதும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார். முகம்தான் ஒத்துழைக்காது. உதட்டின் இரண்டு ஓரமும் பிறவியிலேயே கீழே தொங்கின. அலுவலகமே அவரை 'உம்மணா அக்கா' என்றுதான் கூப்பிட்டது.

வேலையில் புலி. நான்கே நிமிடத்தில் சான்றிதழ் கையில் இருக்கும். பத்தொன்பது வருடத்தில் ஓர் எழுத்துகூடப் பிசகியதில்லை. ஒரு குழந்தையின் பெயரை, வீட்டு ஆட்களுக்கு அடுத்தபடியாகக் கேட்கும் முதல் ஆள் தான்தான் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைக்க ஒரு பெட்டி வந்தது. மக்களுக்குத் திருப்தியா என்று அளக்க, ஒவ்வொரு ஜன்னல் முன்பும் ஒன்று. பச்சையில் சிரிக்கிற முகம், மஞ்சளில் சும்மா இருக்கிற முகம், சிவப்பில் உதடு தொங்கிய முகம். வேலை முடிந்து போகிறவர்கள் ஏதாவது ஒரு முகத்தை அமுக்க வேண்டும். எழுத்து ஒன்றும் கிடையாது. படத்தைப் பார்த்தாலே புரிந்துவிடுமாம். மாதக் கடைசியில் யாருக்குச் சிவப்பு அதிகமோ, அவர் மாடியிலுள்ள பழைய கோப்பு அறைக்கு மாற்றலாகிப் போக வேண்டும். அங்கே மனிதர் கிடையாது, பெயர் கிடையாது, தூசி மட்டும்தான்.

மூன்று வாரமாக உம்மணா அக்காவுக்குச் சிவப்பு கொட்டியது. "நாளைக்கு வாங்களேன்" என்று தேன் ஒழுகச் சிரித்தே ஆட்களைத் திருப்பி அனுப்பும் இரண்டாம் ஜன்னல்காரிக்கு முழுக்கப் பச்சை.

உம்மணா அக்கா வீட்டில் கண்ணாடி முன் நின்று சிரிப்புப் பழகிப் பார்த்தார். பேருந்து ஓட்டும் கணவர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, கடவாய்ப் பல்லு வலியா?"

"அம்மா, ப்ளீஸ், அதை ஆபீஸ்ல காட்டிடாத. பாப்பா எல்லாம் அழும்" என்றாள் மகள்.

மாதத்தின் கடைசி நாள். தலையில் சுண்ணாம்புத் துளிகளோடு ஒரு பெயின்டர் வந்து, மகனின் சான்றிதழை வாங்கி, மூன்று தடவை நன்றி சொல்லி, அக்காவின் கண் முன்னாலேயே சிவப்பை அமுக்கினார். உம்மணா அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, கொஞ்சம் நில்லுங்க. நான் என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பா? பிரமாதமா பண்ணீங்கக்கா!"

"அப்புறம் எதுக்குச் சிவப்பு?"

பெயின்டர் பெட்டியைப் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். "உங்க மூஞ்சி எதுன்னுதானே கேக்குது? சரியாத்தானே அமுக்கினேன்?"

"நானும் போன வாரம் அதைத்தான் அமுக்கினேன்" என்றது வரிசையில் ஒரு குரல். "அச்சு அசல் இவங்களேதான்!"

பத்தொன்பது வருடமாக உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த சிரிப்பு அன்றைக்கு வழி கண்டுபிடித்துவிட்டது. உம்மணா அக்கா மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். வரிசையே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டச்சு செய்தார். வந்தவர்கள் எல்லாரும் பச்சை, பச்சை, பச்சை.

அரை மணி நேரத்தில் ஒரு பெண் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "அக்கா, என் பொண்ணைப் பையனாக்கிட்டீங்களே!"

"ஐயையோ! நீங்க எதை அமுக்கினீங்க?"

"பச்சைதான். நீங்கதான் சிரிச்சிட்டிருந்தீங்களே."

சிரிப்பு பட்டென்று நின்றது. பையனை மறுபடி பெண்ணாக்கிக் கொடுத்துவிட்டு, பிழையான தாளை ஒரு கையிலும் பெட்டியை மறு கையிலும் எடுத்துக்கொண்டு நேராக மேலாளர் அறைக்குப் போனார்.

"சார், ஒழுங்கா செஞ்ச வேலைக்குச் சிவப்பு. வாழ்க்கையில முதல் தடவையா தப்பு பண்ணேன், அதுக்குப் பச்சை. இந்தப் பெட்டி என் வேலையை அளக்கல, மூஞ்சியை அளக்குது!"

மேலாளர் சிவப்பு முகத்தையும் எதிரே நின்ற முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. கோப்பால் முகத்தை மூடிக்கொண்டார். கோப்பு குலுங்கியது.

"சரிம்மா" என்றது கோப்பு. "இந்த மாசத்துக் கணக்கு செல்லாது."

மறுநாள் எல்லாப் பெட்டியிலும் ஒரு வரி ஒட்டியிருந்தது: 'வந்த வேலை முடிந்ததா?' அடுத்த மாதம் மூன்றாம் ஜன்னலில் பச்சை வழிந்தது. இரண்டாம் ஜன்னலில் "இன்னிக்கே முடிச்சிடலாம், இருங்க" என்ற குரல் முதல் தடவையாகக் கேட்டது.

பெயின்டர் இன்னொரு நகல் வாங்க வந்தார். நான்கு நிமிடம். பச்சையை அமுக்கிவிட்டு, போகாமல் தலையைச் சொறிந்தார்.

"வேலைக்குப் பச்சைக்கா. மூஞ்சிக்கு எதை அமுக்குறது?"

"அடுத்து யாரு, வாங்க!" என்றார் உம்மணா அக்கா. உதடு தொங்கியபடியேதான் இருந்தது. தோள் மட்டும் குலுங்கிக் குலுங்கி, மேசை மேலிருந்த முத்திரைக் கட்டை உருண்டு கீழே விழுந்தது.